எம்ஜிபி வாங்கியாச்சு: எதை அப்படியே விடுவது, எதை மாற்றுவது?

பழைய எம்ஜிபி என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திய முதல் வாரத்திலேயே, பார்க்கிறவர்கள் எல்லாம் எதையாவது மாற்றச் சொல்வார்கள். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு, எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வெபர் போடு, பின்னால் டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர் மாட்டு, ஐந்து கியர் பெட்டிக்கு மாறு. சொல்கிறவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் கேட்டு நடந்தால் வண்டியின் விலையை விட அதிகம் செலவாகிவிடும். அதை விடவும் வருத்தம், எந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கினோமோ அது காணாமல் போய்விடும்.

என்னுடையது 1971 ரோட்ஸ்டர், அதாவது கூரை இல்லாத வகை. குரோம் பம்பர், 1798 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஸ்போக் வீல். வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே இருக்கும் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை இந்த வகை வண்டிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அதனால் இங்கிலாந்தில் இதற்குக் கிடைக்காத பாகம் என்று அநேகமாக எதுவுமே இல்லை. அது பெரிய வரம். ஆனால் எல்லாம் கிடைக்கிறது என்பதாலேயே எதை வாங்குவது என்று முடிவெடுப்பது கடினமாகிவிடுகிறது.

ஒரு வருடம் இந்த வண்டியோடு பழகியபின் எனக்கு ஒரு கேள்வி பிடிபட்டது. ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து அதைத்தான் கேட்கிறேன்: இது வடிவமைப்பிலேயே குறையா, அல்லது ஐம்பது வருடத்தில் தேய்ந்து போனதா? தேய்ந்து போன பாகத்துக்கு மருந்தாகத்தான் பாதி மேம்பாட்டுப் பாகங்கள் விற்கப்படுகின்றன. ஷாக் அப்சார்பரில் எண்ணெயே இல்லாத வண்டியில் புது வகை ஷாக் அப்சார்பரைப் போட்டால் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். எண்ணெய் ஊற்றியிருந்தாலும் அதே சுகம் கிடைத்திருக்கும் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை.

மற்ற எதைப் பற்றியும் யோசிக்கும் முன் சில்லைப் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் சில். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. வண்டியின் முதுகெலும்பு இந்த இரண்டு சில்களும் நடுவே ஓடும் டனலும்தான். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு முதலில் தின்பது இவற்றைத்தான். வண்டி தரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்பு இடைவெளியை விரலால் அளந்துகொள்ளுங்கள். பிறகு நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். இடைவெளி மாறினால், கதவு இறுகினால், உள்ளே சில் செத்துவிட்டது.

இங்கே மூன்று வழி உண்டு. ஒன்று, துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டிங் செய்வது. மலிவு, இரண்டு நாளில் முடிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் புதிது போல இருக்கும். இதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் துரு வேலையை நிறுத்துவதில்லை. அடுத்து வாங்குகிறவரும் தெரியாமல் ஏமாறுவார். இரண்டாவது, வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்றையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைப்பது. முன் மட்கார்டின் அடிப்பகுதியையும் பின் மட்கார்டின் அடிப்பகுதியையும் வெட்டித்தான் அங்கே போக முடியும். வெட்டும்போது உடல் தொய்ந்துவிடாதபடி கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சில ஆயிரம் பவுண்டு ஆகும். மூன்றாவது, புது உடலே வாங்கிவிடுவது. விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளையே வைத்து 1988 முதல் எம்ஜிபி உடல்களைச் செய்து வருகிறது. சில்லோடு தரை, முன் இன்னர் விங், ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாமே போய்விட்ட வண்டிக்கு அதுதான் சரி. எனக்கு இடது சில்லும் இரண்டு பக்கத் தரையின் ஓரமும் மட்டும்தான் போயிருந்தன. இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். முதல் வருடப் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போனது. வேலை முடிந்தபின் உள்ளே மெழுகு தெளிப்பதற்கு ஒரு நாள் ஒதுக்கினேன். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கிறவர்கள் பத்து வருடத்தில் மறுபடி வெல்டரிடம்தான் போவார்கள்.

சில் முடியும் வரை கார்புரேட்டர் பட்டியலைத் திறக்க வேண்டாம். குதிரைத்திறன் கூட்டிய இன்ஜினும் மக்கிய சில்லும் ஒரே வண்டியில் இருப்பது ஆபத்து.

சரி, இன்ஜின் பக்கம் வருவோம். பாயின்ட்டா, எலக்ட்ரானிக்கா? ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கிடைக்க மின்சாரத்தை வெட்டிவெட்டி விடும் சின்னத் தொடுமுனைதான் பாயின்ட். இதில் நான் முதலில் பிடிவாதமாகப் பாயின்ட் பக்கம் இருந்தேன். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும், சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம் என்பது என் வாதம். நியூபரிக்கு அருகே ஏ34 சாலையில் வண்டி நின்ற அன்று இந்த வாதத்தின் மறுபக்கம் புரிந்தது. பாயின்ட் நன்றாகவே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் ரோட்டார்தான் குற்றவாளி; போன வாரம்தான் புதிதாகப் போட்டிருந்தேன். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்திருந்த மலிவான ரோட்டார் அது. அந்த ரிவெட் வழியாகவே பொறி உள்ளிருக்கும் தண்டுக்குப் பாய்ந்துவிட்டது. டிக்கியில் கிடந்த பழைய ரோட்டாரை எடுத்துப் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சர் என்ற பாகம் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் கண்டென்சர்களிலும் பலவற்றின் கதை இதுதான். பாயின்ட் முறையில் குறையில்லை. அதற்கு இப்போது செய்யப்படும் உதிரிகளில்தான் குறை.

அதனால் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் சின்ன எலக்ட்ரானிக் மாட்யூலுக்கு மாறினேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, நூறு பவுண்டு அளவில்தான் விலை. பாயின்ட்டும் கண்டென்சரும் செட் செய்த பேஸ் பிளேட்டோடு கையுறைப் பெட்டியில் இருக்கின்றன. மாட்யூல் செத்தால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டே ஆடினாலோ, உள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, மாட்யூல் அதைக் குணப்படுத்தாது. அப்போது டிஸ்ட்ரிபியூட்டரையே பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும், அல்லது முழுவதுமே எலக்ட்ரானிக்கான புதியது வாங்க வேண்டும். 1967 இறுதிக்கு முந்தைய வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்ததாக இருக்கும். அதற்கேற்ற மாட்யூலைக் கேட்டு வாங்குங்கள். மாற்றி இணைத்தால் அந்த நொடியே எரிந்துவிடும்.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. எஸ்யூவை விடாதீர்கள். அது வேலை செய்யும் விதமே அழகு. மேலே இருக்கும் மணி போன்ற கூட்டுக்குள் ஒரு பிஸ்டன். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு தூரம் அது தானாக எழும்பும். அதோடு சேர்ந்து கீழே இருக்கும் கூம்பு ஊசியும் எழும்பும், ஊசி எழும்பிய அளவுக்குப் பெட்ரோல் வரும். காற்றுக்கேற்ற பெட்ரோலை ஒரே ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் ஒரே துளையை வைத்து அதுவே அளந்து கொடுத்துவிடுகிறது. பக்கவாட்டு இரட்டை வெபரில் மெயின் ஜெட், ஏர் ஜெட், ஐட்லிங் ஜெட், எமல்ஷன் டியூப் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேர்ந்து போட வேண்டும். கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட்டை வேலை செய்து, பந்தயத்துக்குப் போகும் இன்ஜினுக்கு அது பொருந்தும். மாறாத இன்ஜினுக்கு அது பெட்ரோலைத்தான் குடிக்கும். இரண்டு எஸ்யூவை எடுத்துவிட்டு ஒற்றை வெபர் போடுவது இன்னும் மோசம், சுலபம் என்பதற்காக வண்டியின் உயிரைக் குறைப்பது.

எஸ்யூ தொல்லை தருகிறது என்று சொல்கிறவர்களிடம் திராட்டில் தண்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டு தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் அதன் வழியாகக் காற்று நுழையும், ஐட்லிங் நிலைக்கவே நிலைக்காது. புதுத் தண்டும் புஷ்ஷும் ஊசியும் ஜெட்டும் போட்டால் இன்னொரு ஐம்பது வருடம். மேலே பிஸ்டனின் ஆட்டத்தை அடக்கும் டேஷ்பாட்டில் கொஞ்சம் இன்ஜின் ஆயில். பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாறிமாறிப் பிடித்து, இரண்டிலும் சீறல் ஒரே மாதிரி கேட்கும் வரை சரிசெய்ய வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் இந்த வண்டியோடு நான் செலவழிப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும். குழாய் வெடித்துச் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் குழாய்களை வாங்கிய அன்றே மாற்றுங்கள், சூப்பர் வகை இ5 பெட்ரோல் போடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோல் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் மிகைதான். 2000 தொடக்கத்தில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டதிலிருந்து, வால்வ் மூடி உட்காரும் சீட்டை ஈயம்தான் காத்துவந்தது, இனி கடினமான வால்வ் சீட் வைத்த ஹெட் போட்டே ஆகவேண்டும் என்று சொல்லி வருகிறார்கள். நான் செய்தது வால்வ் இடைவெளியை அடிக்கடி அளந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தது மட்டும். இடைவெளி ஒவ்வொரு தடவையும் சுருங்கிக்கொண்டே போனால் சீட் உள்ளே அமுங்குகிறது என்று பொருள். மெதுவாக ஓட்டும் என் வண்டியில் இதுவரை அசையவில்லை. வேறு வேலைக்கு ஹெட்டைக் கழற்றும் நாளில் சீட்டையும் மாற்றிக்கொள்வேன். மோட்டார்வேயில் தினமும் விரட்டி ஓட்டுகிறவர்கள் காத்திருக்க வேண்டாம்.

சஸ்பென்ஷன். முன்னாலும் பின்னாலும் லீவர் வகை ஷாக் அப்சார்பர். முன்னால் அந்த லீவர் கைதான் சக்கரத்தைத் தாங்கும் மேல் கையும், அதாவது மேல் விஷ்போனும். எண்ணெய் கசியாமல் நிரம்பி இருந்தால் இங்கிலாந்தின் கிராமத்துச் சாலைக்கு அது போதும். பின்னால் டெலஸ்கோபிக் மாற்றுவது பெரும்பாலும் தேவையே இல்லை என்பது என் அனுபவம். அந்தப் பணத்தில் மிகச் சிறிய பகுதியை முன் கீழ் விஷ்போன் ரப்பர் புஷ்ஷில் போடுங்கள். 1973 முதல் 1976 வரை விற்ற, கூரை வைத்த எம்ஜிபி ஜிடி வி8 வண்டிக்கு உலோக உறை வைத்த ரப்பர் புஷ் செய்தார்கள். அது நம் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். ஸ்டீயரிங் தெளிவாகிவிடும், குலுக்கலும் அதிகமாகாது. பாலியூரித்தேன் புஷ் அதிக நாள் வரும்தான், ஆனால் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லும். இன்னொன்று, முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடித்தால் அது வண்டியின் ஆயுளுக்கும் வரும். அடிக்காமல் விட்டால் எந்தப் புது ஷாக் அப்சார்பரும் உங்களைக் காப்பாற்றாது.

பிரேக்கில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன் டிஸ்க் இந்த எடைக்குத் தாராளமாகப் போதும். ரப்பர் குழாய்களை வயது பார்த்து மாற்றுங்கள். பழையவை உள்ளுக்குள் வீங்கி, மிதித்தபின் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ இல்லாத வண்டிக்கு அதைச் சேர்ப்பது கால் வலிமையைப் பொறுத்த விஷயம். சிலிக்கோன் பிரேக் திரவம் தண்ணீரை உறிஞ்சாது, பெயின்ட்டை அரிக்காது, ஆனால் மிதி கொஞ்சம் மெத்தென்று இருக்கும். வழக்கமான டாட் 4 திரவம் ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவதே எனக்குப் பிடித்தது.

மின்சாரம்தான் இந்த வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரில் பாதி எர்த்துக்குச் சேர வேண்டியது. பாடியோடு இணையும் ஒவ்வொரு எர்த் இடத்தையும் கழற்றி, தேய்த்து, வாசலின் பூசி மாட்டினாலே பாதி மர்மம் தீர்ந்துவிடும். இங்கே வடிவமைப்பிலேயே இருக்கும் உண்மையான குறை ஹெட்லைட். முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியாகவே போகிறது, ரிலே கிடையாது. இரண்டு ரிலே சேர்த்தால் வெளிச்சம் கூடும், சுவிட்சும் பிழைக்கும். ஒயர் நிறங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பழுப்பு எப்போதும் உயிரோடு இருப்பது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதே மின்சாரம் ஃப்யூஸ் தாண்டி வருவது, கறுப்பு எர்த். சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒற்றை 12 வோல்ட் வைத்துவிட்டேன். வெளியே யாருக்கும் தெரியாது, இணைப்புகளும் பாதியாகக் குறைந்தன.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்வதா, கராஜில் கொடுப்பதா என்றும் கேட்பார்கள். வெல்டிங்கும் இன்ஜின் உள்வேலையும் தெரிந்தவர்கள் கையில் இருக்கட்டும். மற்ற எல்லாமே வாசலில் செய்யக்கூடியவை. அதற்கு முன் அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். 7/16, 1/2, 9/16 மூன்றும்தான் நாள்தோறும் கையில் இருக்கும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் 1/2 அங்குல நட்டுக்கு ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையதான் நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

பெரிய மாற்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோவர் வி8 இன்ஜினைத் தொழிற்சாலையே ஜிடியில் வைத்தது. 2,591 வண்டிகள் வந்தன. ரோட்ஸ்டரில் அதை வைத்து விற்கவில்லை. மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்து மாற்றித் தருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். இரண்டுமே நன்றாகச் செய்தால் நல்ல வண்டிதான். ஆனால் 2018 மே 20 முதல், நாற்பது வயது கடந்த வண்டிக்கு எம்ஓடி எனப்படும் வருடாந்திர பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை என்ற சலுகை, கணிசமாக மாற்றப்படாத வண்டிக்குத்தான். சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் அந்தக் கேள்வி எழும். இன்சூரன்ஸுக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். என் நிலைப்பாடு இது: இன்ஜின் இல்லாமல் கொட்டகையில் கிடக்கும் உடலுக்கு எதை வேண்டுமானாலும் வைத்து உயிர் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினை அதற்காகப் பிடுங்காதீர்கள். சலுகை இருந்தாலும் நான் வருடம் ஒரு முறை எம்ஓடிக்குக் கொண்டுபோகிறேன். வண்டியின் அடியை இன்னொருவர் கண் பார்ப்பது நல்லது.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே தலைவலியாக இருந்த கியர்பெட்டி. ஓவர்டிரைவ் இல்லாமல் மணிக்கு 70 மைல் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றும். பேச முடியாது, பாட்டு கேட்க முடியாது, ஒரு மணி நேரத்தில் உடம்பு அசந்துவிடும். ஓவர்டிரைவ் இருந்தால் அதே வேகத்துக்கு 3,200 போதும். இது தேய்மானம் இல்லை, இன்றைய மோட்டார்வேக்கு வண்டியில் இருக்கும் உண்மையான குறை. ஆக, இங்கே மாற்றுவது நியாயம். எதற்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பெட்டியோ ஃபோர்டு டைப் 9 பெட்டியோ வைத்தால் ஐந்து கியர், மென்மையான மாற்றம், உதிரியும் சுலபம். ஆயிரக்கணக்கில் பவுண்டு, புது மவுன்ட், புது புரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் திருத்தம். லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் என்றால் பழைய பெட்டி தேட வேண்டும், சரிபார்க்கக் கொடுக்க வேண்டும், சோலனாய்டும் ஒயரிங்கும் கவனிக்க வேண்டும். இதிலும் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும். ஆனால் 1967 இறுதிக்குப் பிந்தைய நான்கு சின்க்ரோ பெட்டியில் (நான்கு கியரும் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ உள்ளது) ஓவர்டிரைவ் உள்ளதும் இல்லாததும் ஒரே நீளம், அதே இடத்தில் உட்காரும். எதையும் வெட்ட வேண்டாம். மூன்றாவது, நான்காவது கியரில் சுவிட்சைத் தட்டினால் கிளட்ச் மிதிக்காமலே ஓவர்டிரைவ் விழும். வளைவுச் சாலையில் மூன்றாவதுக்கும் ஓவர்டிரைவ் மூன்றாவதுக்கும் இடையே விரலால் மாறிமாறி ஓட்டும் சுகத்தை ஐந்து கியர் பெட்டி தராது. நண்பரின் வண்டியில் காட்ஸ்வோல்ட்ஸ் சாலைகளில் அரை நாள் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதி வண்டியின் பிறப்புச் சான்றிதழும் வாங்கினேன். இப்போது பச்சையாக இருக்கும் வண்டி அபிங்டனை விட்டுப் புறப்பட்டபோது வெள்ளை. ஓவர்டிரைவ் கேட்டிருந்தால் அன்றே போட்டுக் கொடுத்திருப்பார்கள்; முதல் சொந்தக்காரர் கேட்கவில்லை. 1971ல் விடுபட்டதை இப்போது சேர்ப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சரிபார்த்த ஓவர்டிரைவ் பெட்டி ஒன்று போன மாதம் கிடைத்தது. அதை மாட்ட இன்ஜினையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். அப்படியே கிளட்சும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலும் மாற்றிவிடலாம். பெட்டிக்குள் ஊற்றுவது இன்ஜினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ-50 ஆயில்தான். ஓவர்டிரைவும் அதே ஆயிலில்தான் ஓடும் என்பதால் கியர் ஆயில் டப்பாவைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். ஜனவரியில் வேலை தொடங்குகிறது.